மஞ்சள் காமாலையே வரவில்லையே, எப்படி டாக்டர் பித்தக் குழாய் கேன்சர்?

வட சென்னையிலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 62. திருவல்லிக்கேணிப் பக்கம் ஆஃப்செட் அச்சகங்களில் மிஷின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. சில மாதங்களாக வலது விலாவுக்குக் கீழே மந்தமான வலி, சாப்பாடு குறைந்தது, சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆனது. கேஸ் டிரபிள் என்று மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஸ்கேன் எடுத்தால் கல்லீரலின் வலது பக்கத்தில் கட்டி. சிடி ஸ்கேனில் 6.5 செ.மீ. அளவில் ஒரே கட்டி, கல்லீரல் வாசலில் கொஞ்சம் பெரிதான ஒரு நிணநீர்க் கணு. ஊசி போட்டு பயாப்சி எடுத்திருக்கிறார்கள். மிதமான வேறுபாடு கொண்ட அடினோகார்சினோமா (சுரப்பித் திசு வகைக் கேன்சர்), கல்லீரலுக்குள் தோன்றிய கொலாஞ்சியோகார்சினோமா (பித்தக் குழாய் கேன்சர்), சிறு குழாய் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம், வேறு உறுப்பிலிருந்து பரவியதா என்று பார்க்க எண்டோஸ்கோபி செய்யவும் என்று ரிப்போர்ட் சொல்கிறது.

அதற்கப்புறம் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. மாமா, "பித்தக் குழாயில் கேன்சர் என்றால் கண்ணெல்லாம் மஞ்சளாகியிருக்கணுமே, இவருக்கு ஒண்ணுமில்லை, ரிப்போர்ட் தப்பு" என்கிறார். சித்தப்பா, "ஊசி குத்தினதுதான் தப்பு, இனி பரவிடும்" என்கிறார். ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்யலாம் என்றும், இன்னொருவர் முதலில் கீமோ என்றும் சொல்லியிருக்கிறார்கள். தம்பி இணையத்தில் தேடி அச்சக ரசாயனத்தால் இந்த நோய் வரும் என்று எதையோ கண்டுபிடித்திருக்கிறார். அப்பாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, 'கல்லீரலில் சீழ்க்கட்டி' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். "ரிப்போர்ட் எழுதினவருக்கே சந்தேகம் என்றால் நாங்கள் எதை நம்புவது? இது இரண்டாவது ஸ்டேஜ்தானே? எத்தனை மாதம்?" என்று கேட்டு, ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

இனி உங்களிடமே பேசுகிறேன் அம்மா. நான் நோயியல் மருத்துவர், பேத்தாலஜிஸ்ட். நாங்கள் பெரும்பாலும் நோயாளியைப் பார்ப்பதில்லை, அவர் உடம்பிலிருந்து வந்த துண்டைத்தான் பார்க்கிறோம். அதனால் உங்கள் அப்பாவுக்கு வைத்தியம் சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அந்த ரிப்போர்ட் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை, அதை வைத்துக்கொண்டு அடுத்து யாரிடம் எதைக் கேட்கவேண்டும் என்பதைச் சொல்ல முடியும். என்னைக் கேட்டால், இப்போது உங்கள் வீட்டில் நடக்கிற சண்டையில் பாதி அந்த ஒரு தாளைத் தப்பாகப் படித்ததால் வந்தது.

முதலில் மாமாவின் கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் முடிவு தப்பு. கல்லீரலுக்குள் பித்தநீரைச் சுமக்கிற குழாய்கள் நுண்ணிய கிளைகளாகத் தொடங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, கடைசியில் வலது இடது என்று இரண்டு குழாய்களாகக் கல்லீரல் வாசலில் இணைந்து வெளியே வருகின்றன. அந்த இணைப்பில் கட்டி வந்தால் மொத்தக் கல்லீரலுக்கும் வழி அடைபடும், உடனே காமாலை, சிறுநீர் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு. உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது அங்கே இல்லை. உள்ளே, ஓரமாக, சின்னக் கிளைகள் இருக்கிற பகுதியில். அந்தப் பக்கத்துக் கிளைகள் அடைந்தாலும் மிச்சக் கல்லீரல் பித்தநீரை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும், காமாலையைக் காட்டும் பிலிருபின் அளவு நார்மலாகவே இருக்கும். இந்த வகை பெரும்பாலும் சத்தமில்லாமல் வளர்ந்து, வலி, எடைக் குறைவு என்றோ வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகவோதான் தெரியவருகிறது. காமாலை இல்லாதது ரிப்போர்ட்டைப் பொய்யாக்காது, சொல்லப்போனால் ரிப்போர்ட்டோடு பொருந்தித்தான் போகிறது.

ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனை நார்மல், சிஏ 19-9 கொஞ்சம் கூடுதல் என்று எழுதியிருந்தீர்கள். ஏஎஃப்பி கூடுவது பெரும்பாலும் கல்லீரல் செல்லில் தோன்றும் இன்னொரு கேன்சரில். சிஏ 19-9 பித்தக் குழாய், கணையக் கேன்சர்களில் கூடலாம், வெறும் கல் அடைத்துக் காய்ச்சல் வந்தாலும் கூடும், சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பொருள் உடம்பில் உருவாகாது, எவ்வளவு பெரிய கட்டி இருந்தாலும் எண் ஏறாது. அதனால் அந்த எண்ணை வைத்து நோயை முடிவு செய்யாதீர்கள். சிகிச்சை தொடங்கியபின் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான்.

கண்ணாடித் தகட்டில் என்ன தெரிந்திருக்கும்

ஊசியில் வருவது சேமியாத் துண்டு மாதிரி ஒன்றிரண்டு வெள்ளை இழை. அதை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுகிறோம். செல்லின் கரு நீலமாகவும் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். உங்கள் அப்பாவின் வகையில் வழக்கமாக என்ன தெரியுமென்றால், பரந்த இளஞ்சிவப்பு நார்த் தழும்பு, அதற்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னச் சின்ன வளையங்கள். வளையத்தைச் சுற்றிக் கட்டையான, கனசதுர வடிவச் செல்கள். நடுவில் ஒரு சிறு ஓட்டை, சளி அநேகமாக இருக்காது. குழாய் ஒன்றைக் கட்டப் பார்த்துப் பாதியில் தாறுமாறாகிப்போன செல்கள் அவை. கரு ஒரே அளவில் இருக்காது, வளையங்கள் ஒழுங்காக மூடாது.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அந்தத் தழும்பைத்தான். இந்தக் கேன்சரில் கேன்சர் செல்லைவிட அதைச் சுற்றி உடம்பு போடுகிற நார்தான் பல நேரம் அதிகம். அறுத்துப் பார்த்தால் கட்டி வெள்ளையாக, கெட்டியாக, கத்திக்கு நறநறவென்று இருக்கும். சிடி ஸ்கேனில் மருந்து ஏற்றியதும் முதலில் கட்டியின் விளிம்பு மட்டும் பளிச்சென்று தெரிந்து, நடுப்பகுதி சில நிமிடம் கழித்து மெதுவாக நிறைவதும் இதனால்தான், ஏனென்றால் உயிருள்ள செல்கள் விளிம்பில், நார் நடுவில். சில கட்டிகளின்மேல் கல்லீரலின் உறை உள்வாங்கி இருக்கும், அதுவும் தழும்பு இழுப்பதுதான். கல்லீரல் செல் கேன்சரோ இதற்கு நேரெதிராக, முதலில் முழுவதும் மின்னிவிட்டுச் சீக்கிரம் வெளுத்துவிடும். ஊசி நடு நாரில் போய் நின்றால் நிறைய நாரும் ஐந்தாறு கேன்சர் செல்லும்தான் வரும். இது பின்னால் முக்கியமாகப் போகிறது, நினைவில் வையுங்கள்.

'வாய்ப்பு அதிகம்' என்று ஏன் எழுதுகிறோம்

ரிப்போர்ட் எழுதியவருக்குச் சந்தேகம் என்கிறீர்கள். கேன்சரா இல்லையா என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, எங்கிருந்து தொடங்கியது என்பதில்தான் எச்சரிக்கை. அது அவருடைய திறமைக் குறைவு கிடையாது. கல்லீரல் என்பது வயிறு, குடல், கணையம் எல்லாவற்றிலிருந்தும் ரத்தம் வந்து சேருகிற இடம். மற்ற உறுப்பு கேன்சர்கள் அங்கே வந்து குடியேறுவது ரொம்பச் சாதாரணம், அங்கேயே தோன்றுவதைவிட வந்து சேர்வதுதான் அதிகம்.

அதைப் பிரித்தறியத்தான், செல்லில் இருக்கும் குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் சிறப்புச் சாயங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் சிகே7, சிகே19 பாசிட்டிவ், சிகே20, டிடிஎஃப்-1, ஹெப்பார்-1 நெகட்டிவ் என்று இருக்கிறது. ஹெப்பார் நெகட்டிவ் என்பதால் கல்லீரல் செல்லில் தோன்றும் கேன்சராக இருக்க வாய்ப்பு குறைந்தது. சிகே20 நெகட்டிவ் என்பதால் பெருங்குடல் பெரும்பாலும் விலகியது. டிடிஎஃப்-1 நெகட்டிவ் என்பதால் நுரையீரல் கிட்டத்தட்ட விலகியது. சரி, மிச்சம்? கணையம், இரைப்பை, பித்தப்பை. இவற்றில் தோன்றும் கேன்சரும் இதே சாயங்களில் இதே மாதிரிதான் இருக்கும். கண்ணாடித் தகட்டை எவ்வளவு நேரம் பார்த்தாலும், எவ்வளவு பெரிய நிபுணர் பார்த்தாலும் இதை முழுதாகப் பிரிக்க முடியாது. அதற்கு எண்டோஸ்கோபியும், கணையத்தை நன்றாகப் பார்க்கிற சிடியும், நெஞ்சு சிடியும்தான் பதில் சொல்லவேண்டும். எல்லாம் சுத்தமாக இருந்து, கல்லீரலில் இந்த ஒரு கட்டிதான் என்றால், கல்லீரலுக்குள் தோன்றியதே என்று உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருந்த எண்டோஸ்கோபியை இன்னும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் முடியுங்கள். அதற்குமுன் ஆபரேஷனா கீமோவா என்று விவாதிப்பதில் அர்த்தமில்லை.

அடுத்தது, 'மிதமான வேறுபாடு' என்பதை நீங்கள் இரண்டாவது ஸ்டேஜ் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது ஸ்டேஜ் இல்லை. செல்கள் குழாயைக் கட்டும் குணத்தை எவ்வளவு தக்கவைத்திருக்கின்றன என்ற கணக்கு அது, கிரேடு என்போம். ஸ்டேஜ் என்பது கட்டியின் அளவு, எண்ணிக்கை, ரத்தக் குழாய்க்குள் நுழைந்ததா, கணுவுக்குப் போனதா, வெளியே பரவியதா என்பதை வைத்துச் சொல்வது. ஊசி பயாப்சி அதைச் சொல்லாது. கட்டி ஒன்றுதான், ரத்தக் குழாய்க்குள் போகவில்லை, கணுவிலும் இல்லை என்றால் 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலும் அது முதல் ஸ்டேஜுக்குள்தான் வரும். அந்தக் கணுவில் கேன்சர் இருந்தால் ஒரே தாவலில் மூன்றாவது ஸ்டேஜ். பார்த்தீர்களா, உங்கள் அப்பா விஷயத்தில் எல்லாமே அந்த ஒரு கணுவைச் சுற்றித்தான் இருக்கிறது. கணு பெரிதானாலே கேன்சர் என்று இல்லை, வெறும் அழற்சியாலும் வீங்கும். ஒரு டாக்டர் கத்தி என்றும் இன்னொருவர் கீமோ என்றும் சொன்னதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இருவரும் ஒரே கணுவை இரண்டு விதமாகப் படித்திருக்கிறார்கள்.

சித்தப்பாவின் பயம்

'கத்தி பட்டா பரவிடும்' என்பதை நம் ஊரில் சொல்லாத வீடு இல்லை. ஊசி போன பாதையில் கேன்சர் செல் தங்கி வளர்வது மருத்துவத்தில் பதிவான விஷயம்தான், ஆனால் அரிது. இந்த அரிதான ஆபத்தை மருத்துவர்களும் கணக்கில் எடுத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஸ்கேனிலேயே தெளிவாகத் தெரிந்து, நிச்சயம் வெட்டியெடுக்கலாம் என்கிற நிலையில் பயாப்சி இல்லாமலே நேராக ஆபரேஷனுக்குப் போகிற அறுவை மருத்துவர்கள் உண்டு. கல்லீரல் வாசலில் இருக்கும் கட்டிக்கு மாற்றுக் கல்லீரல் வைக்கலாம் என்று யோசிக்கும்போது வயிற்றுச் சுவர் வழியாக ஊசி போடவே கூடாது. ஆனால் கீமோ கொடுப்பதாக இருந்தால் பயாப்சி இல்லாமல் கொடுப்பதுதான் தப்பு, எந்த நோய்க்கு மருந்து என்றே தெரியாமல் விஷத்தை ஏற்றுவதாகிவிடும். உங்கள் அப்பா விஷயத்தில் இரண்டு வழியும் திறந்திருந்தன, எடுத்தார்கள். சித்தப்பாவிடம் சொல்லுங்கள், கட்டி வளர்ந்தது ஊசியால் இல்லை, ஊசி அதைக் கண்டுபிடித்தது.

குடியே இல்லாதவருக்கு எப்படி என்று தோன்றலாம். இந்த நோய் குடியால் மட்டும் வருவது இல்லை. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், எந்தக் காரணத்தாலோ வந்த சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பாவது), கல்லீரலுக்குள்ளேயே உருவாகும் பித்தக் கற்கள், பித்தக் குழாய்களின் நாட்பட்ட அழற்சி, பிறவியிலேயே வீங்கிய பித்தக் குழாய், சர்க்கரை, கொழுப்புக் கல்லீரல் என்று பட்டியல் நீளம். தாய்லாந்தின் வடகிழக்கில் பச்சை ஆற்று மீனைச் சாப்பிட்டு வரும் ஒரு தட்டைப்புழுவால் இது ஊரையே பிடித்த நோய். இவ்வளவும் சொல்லிவிட்டு, எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியாத நோயாளிகள் ஏராளம் என்பதையும் சொல்லவேண்டும்.

அச்சக விஷயம் கட்டுக்கதை இல்லை. உங்கள் தம்பி படித்தது அநேகமாக ஒசாகா கதையாக இருக்கும். ஜப்பானில் ஒசாகாவில் ஒரு சின்ன ஆஃப்செட் அச்சகத்தில், காற்றோட்டம் சரியில்லாத அறையில், மாதிரிப் பிரதி எடுத்த இளைஞர்கள் பிளாங்கெட்டில், அதாவது மிஷினின் ரப்பர் விரிப்பில், படிந்த மையை நாள் முழுக்க ஒரு கரைப்பானால் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் 11 பேருக்குப் பித்தக் குழாய் கேன்சர் வந்ததை 2013-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். 1,2-டைகுளோரோபுரொப்பேன் என்ற அந்த ரசாயனத்தை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-ல் மனிதருக்கு நிச்சயமாகக் கேன்சர் தரும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஜப்பான் அரசு அவர்களுக்குத் தொழில் நோய் என்று இழப்பீடும் கொடுத்தது.

ஆனால் நோயியல் கண்ணோடு பார்த்தால் உங்கள் அப்பாவின் படம் அதோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை. அந்தத் தொழிலாளர்கள் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். நோய் அவர்களுடைய பெரிய பித்தக் குழாய்களில் தொடங்கியது, கட்டிக்குத் தள்ளி இருந்த குழாய்களிலும் கேன்சருக்கு முந்தைய மாற்றங்கள் பரவலாக இருந்தன. உங்கள் ரிப்போர்ட் சிறு குழாய் வகை என்கிறது. நம் அச்சகங்களில் பிளாங்கெட் துடைக்க மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் என்று கிடைத்ததைப் பயன்படுத்தியவர்களே அதிகம். தொடர்பே இல்லை என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, எந்தெந்தத் திரவத்தால் துடைத்தார், ஜன்னல் இருந்ததா என்று அப்பாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, புற்றுநோய் மருத்துவரின் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட வேலை பார்த்த யாருக்காவது இதே நோய் வந்ததா என்றும் கேளுங்கள், அப்படி இருந்தால் விஷயம் வேறு. இழப்பீடு கேட்பது பற்றி வழக்கறிஞரிடம் பேசலாம், ஆனால் சிகிச்சையை அதற்காக ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

கத்தியா, கீமோவா

இதில் என் கருத்தைக் கேட்டால், முழுதாக எடுக்க முடிந்தால் எடுப்பதுதான் குணமாக்கும் வாய்ப்புள்ள ஒரே வழி. வலது பக்கக் கல்லீரலை எடுப்பது பெரிய ஆபரேஷன். மிச்சமாகும் கல்லீரல் போதுமா என்பது முதல் கேள்வி. நல்ல கல்லீரல் என்றால் கால்வாசிக்கு மேல் இருந்தாலே சமாளித்துவிடும், சிரோசிஸ் இருந்தால் நாற்பது சதவீதமாவது வேண்டும். அதனால் கட்டிக்கு வெளியே இருக்கும் கல்லீரல் எப்படி இருக்கிறது என்பதை பயாப்சி ரிப்போர்ட்டிலோ ஸ்கேனிலோ சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் படத்தில் அந்த வரி இல்லை, கேட்டு வாங்குங்கள். ஆபரேஷனில் கட்டியோடு கணுக்களையும், குறைந்தது ஆறு கணுக்களையாவது, எடுத்து எங்களிடம் அனுப்பினால்தான் ஸ்டேஜ் ஒழுங்காகச் சொல்ல முடியும். அப்புறம் ஆறு மாதம் கேப்பசிட்டபின் மாத்திரை கொடுப்பது இப்போது வழக்கம். இதையெல்லாம் செய்தும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்புகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கணுவில் நோய் உறுதியானாலோ, கட்டி முக்கிய ரத்தக் குழாயைப் பிடித்திருந்தாலோ, முதலில் கீமோ என்று சொல்வது சரியான பேச்சுதான், கைவிட்டதாக அர்த்தம் இல்லை. ஜெம்சிட்டபின், சிஸ்பிளாட்டின் என்ற இரட்டை மருந்துதான் 2010-லிருந்து அடித்தளம். இப்போது அதோடு டுர்வாலுமாப் போன்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கேன்சர்மேல் ஏவிவிடும் இம்யூனோதெரபி சேர்க்கிறார்கள். இம்யூனோதெரபியின் விலை கடுமை. பலன் எல்லோருக்கும் பெரிதாக வருவதில்லை, சிலருக்கு நீண்ட நாள் நிற்கிறது. டுர்வாலுமாப் ஆய்வில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், கீமோ மட்டும் வாங்கியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர், சேர்த்து வாங்கியவர்களில் பதினைந்து பேர் அளவில். கடன் வாங்கித்தான் போடவேண்டும் என்றால், இந்த இரண்டு எண்களையும் முன்னால் வைத்துக் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள், குற்ற உணர்வில் வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

எத்தனை மாதம் என்று கேட்டீர்கள். ஆபரேஷன் செய்ய முடியாத பித்தக் குழாய்க் கேன்சரில் அந்த இரட்டை மருந்தின் 2010 ஆய்வில் நடுக்கணக்கு 11.7 மாதம், ஒற்றை மருந்தில் 8.1. இதைப் பார்த்துவிட்டு 'பன்னிரண்டு மாதம்' என்று நாள்காட்டியில் குறிக்காதீர்கள். பாதிப் பேர் அதற்கு மேலும் இருந்தார்கள் என்பதுதான் அதன் பொருள். உங்கள் அப்பா அந்த ஆய்வில் இருந்தவர்கள் மாதிரிதானா என்பதே இன்னும் தெரியாது, ஆபரேஷனுக்கு வழி இருக்கிறதா என்று பார்க்காமல் அந்த எண்ணைத் தொடவே வேண்டாம்.

அந்த மெழுகுக் கட்டையைப் பத்திரமாக வையுங்கள்

நார் அதிகம், செல் குறைவு என்று சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. சிறு குழாய் வகையில் ஐடிஹெச்1 என்ற மரபணு மாற்றமும், எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற மரபணு இணைவும் குறிப்பிட்ட சிலருக்கு இருக்கும், ஒவ்வொன்றும் பத்தில் ஒருவர் அல்லது சற்று அதிகம். அவற்றுக்கென்றே ஐவோசிடெனிப், பெமிகாடினிப் என்ற மாத்திரைகள் இருக்கின்றன, அமெரிக்காவில் 2021, 2020 வருடங்களில் அனுமதி கிடைத்தவை, முதல் கீமோ பலிக்காதபோது கொடுப்பவை. பெரிய குழாய் வகையில் இவை அரிது. இந்தச் சோதனைக்குத் தேவையான டிஎன்ஏ அந்த மெழுகுக் கட்டையில் இருக்கிற சேமியாத் துண்டிலிருந்துதான் வரவேண்டும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இரண்டாவது கருத்து, மறுபடி சாயம் என்று சீவிக்கொண்டே போனால் கடைசியில் வெறும் மெழுகுதான் மிஞ்சும்.

ஆகவே கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் லேபில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது, இரண்டாவது கருத்து கேட்பதும் உங்கள் உரிமை, கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்கவேண்டாம். தகடுகளை பிளாஸ்டிக் ஸ்லைடு பெட்டியில் வாங்குங்கள், கைப்பையில் போட்டால் உடையும். கட்டையை வெயிலில் நிறுத்திய காருக்குள் மறந்து வைக்காதீர்கள், நம்ம ஊர் மே மாத வெயிலுக்கு மெழுகு இளகும். மறுபார்வைக்குக் கொடுக்கும்போது, "முதலில் இருக்கிற தகடுகளைப் பாருங்கள், மரபணுச் சோதனைக்குத் துண்டு மிச்சம் வையுங்கள்" என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். ஆபரேஷன் முடிவானால் இந்தச் சோதனைக்கு இப்போது பணம் செலவழிக்கவேண்டாம், எடுத்த கட்டியிலேயே தாராளமாகத் துண்டு கிடைக்கும். ஆபரேஷன் இல்லை என்றால் இப்போதே அனுப்புவது நல்லது, கீமோ போய்க்கொண்டிருக்கும்போதே முடிவு கையில் இருக்கும். துண்டு போதாவிட்டால் ரத்தத்தில் செய்யும் சோதனை உண்டு, ஆனால் எஃப்ஜிஎஃப்ஆர்2 இணைவு அதில் தப்பிப்போக வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, கீமோவுக்கு முன்னால் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் வைரஸ் கீமோவில் விழித்தால் கல்லீரல் தாங்காது, அதைத் தடுக்க மாத்திரை இருக்கிறது. அப்பாவுக்கு பி பாசிட்டிவ் என்றால் வீட்டில் எல்லோரும் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். மற்றபடி இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, நீங்களும் தம்பியும் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்கவேண்டாம். கீழாநெல்லி, கஷாயம் என்று யாராவது தந்தால், கேன்சர் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். கீமோவின்போது கல்லீரல் அளவுகள் ஏறினால் மருந்தாலா கஷாயத்தாலா என்று அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது.

எங்கே போவது என்று கேட்டால், கல்லீரல் ஆபரேஷன் அடிக்கடி செய்கிற இடம், கீமோ மருத்துவரும் ஸ்கேன் மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கும் இடம். ஸ்டான்லியிலும் ராஜீவ் காந்தி பொது மருத்துவமனையிலும் குடல், கல்லீரல் அறுவைக்கென்றே தனித் துறைகள் உண்டு, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் 1954-லிருந்து இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை வரும், வருமான வரம்பு உண்டு. ஆபரேஷன் தேதிக்கு முன்பே அந்தக் கவுன்டரில் முன் அனுமதி வாங்கிவிடுங்கள்.

அப்பாவிடம் சொல்வது பற்றி. நீங்கள் மறைப்பது பாசத்தால்தான், புரிகிறது. ஆனால் ஆபரேஷனுக்கோ கீமோவுக்கோ கையெழுத்துப் போடவேண்டியவர் அவர். சுயநினைவோடு இருக்கும் 62 வயது மனிதருக்குப் பதிலாக மகள் சம்மதம் கொடுக்க முடியாது. சீழ்க்கட்டிக்கு எதற்கு முடி கொட்டுகிற மருந்து என்று அவருக்கும் தோன்றும். அச்சகத்தில் வாழ்நாள் முழுக்க எழுத்துகளோடு இருந்தவர், ஆஸ்பத்திரி போர்டைப் படிக்கத் தெரியாதா? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டவேண்டியதில்லை. "என்ன நோய் என்று டாக்டரிடம் நேராகக் கேட்கிறீங்களாப்பா, இல்லை நாங்களே பார்த்துக்கட்டுமா?" என்று மட்டும் கேளுங்கள். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவரே சொன்னால் அதுவும் அவருடைய உரிமை. அவர் கேட்டால், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது டாக்டர் சொல்லட்டும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். நீங்கள் அனுப்பிய படத்தில் அப்பாவின் வயது 26 என்று அச்சாகியிருக்கிறது. லேபில் திருத்திய ரிப்போர்ட் ஒன்று கேட்டு வாங்கிவிடுங்கள், ஆதாரில் இருக்கும் பிறந்த தேதியோடு வயது பொருந்தாவிட்டால் காப்பீட்டு அனுமதியில் சிக்கலாகும்.